பந்தயத்தில் போன மீசை

புரோகிராமருக்கு மீசை என்றால் உயிர். அந்த உயிரைத்தான் மனுஷன் வாய்க்கொழுப்பில் பந்தயம் வைத்தார்.

பட்டறையில் மெத்தைக்கு ஃபோம் வெட்டும் மெஷின் தயாராகிக்கொண்டிருந்தது. ஃபோமை இழுக்கும் உருளையில் ஒரு என்கோடர். உருளை சுற்றச் சுற்ற, அது இரண்டு கம்பிகளில் மின்துடிப்புகளை அனுப்பும். எந்தக் கம்பியில் துடிப்பு முந்துகிறது என்று பார்த்தால் ஃபோம் முன்னே போகிறதா, பின்னே வருகிறதா என்று தெரியும். எண்ணினால் நீளம் தெரியும். ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"இதை எண்ணுறதுக்குன்னே தனியா ஒரு சிப் வச்சிடலாம் மாமா. அதுக்குள்ளயே நமக்கு வேண்டிய சர்க்யூட்டை அமைச்சுக்கலாம். அது வேற எந்த வேலையும் பார்க்காது," என்றான் அவர் மனைவியின் தம்பி. போர்டு வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"எண்ணுறதுக்கு ஒரு சிப்பா? என் புரோகிராம் திரையையும் பார்க்கும், பிளேடையும் பார்க்கும், துடிப்பையும் எண்ணும். ஒரு பீஸ் அளவு தப்பினா ஒரு பக்க மீசையை எடுத்துடறேன்."

இருபது துண்டு வெட்டினார்கள். இருபதும் கச்சிதம். மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. புரோகிராமர் மீசையை முறுக்கிக்கொண்டு பட்டறையை இரண்டு சுற்று வந்தார்.

மறுநாள் மெஷினைப் பார்க்க மெத்தைக்கடைக்காரர் வந்தார். திரையில் கலர் கலராகப் பொத்தான்களைக் கண்டவருக்குக் கை சும்மா இருக்குமா? மெஷின் ஓட ஓட எல்லாவற்றையும் அமுக்கினார். புரோகிராம் பாவம், அவருக்குப் பதில் சொல்ல ஓடியது. அந்த நேரத்தில் வந்த துடிப்புகளை யார் எண்ணுவது? எண்ணிக்கை குறைந்தது, பிளேடு தாமதமாக இறங்கியது. கட்டிலைவிட ஒரு முழம் நீளமாக மெத்தை வந்து விழுந்தது.

"இதுல யாரு படுக்கிறது, ஒட்டகச்சிவிங்கியா?" என்றார் கடைக்காரர்.

மைத்துனன் பையிலிருந்து சிப் வைத்த போர்டை எடுத்து மாட்டினான். அதன் பிறகு கடைக்காரர் அமுக்கு அமுக்கென்று அமுக்கியும் ஒரு நூல் பிசகவில்லை. ஆர்டர் கிடைத்தது.

"மீசை இருக்கட்டும் மாமா, விளையாட்டுக்குச் சொன்னதுதானே," என்றான் அவன். அதுதான் புரோகிராமருக்கு இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்றார். இடது பக்கத்தை எடுத்தார். சொன்னது ஒரு பக்கம்தானே? இது வளரும்வரை முகக்கவசம் போட்டுச் சமாளிக்கலாம் என்று திட்டம். மிச்சமிருந்ததன் ஓரத்தை ரேசரால் மெல்ல ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தண்ணி மோட்டாரை நிறுத்தினீங்களா?"

"இதோ," என்று திரும்பினார். முகம் திரும்பியது, ரேசர் திரும்பவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். மொழுமொழுவென்ற முகத்தைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு வேலையா இருக்கும்போது கூப்பிட்டா இப்படித்தான்," என்றார் அவர் பாவமாக.

"தம்பிகிட்ட சொல்றேன், உங்களுக்கும் ஒரு சிப் மாட்டிவிடுவான். முதல்ல போய் மோட்டாரை நிறுத்துங்க."