மூன்றாவது அடுக்கு

திரை விலக ஒரு நிமிஷம்கூட இல்லை. அவள் கீபோர்டின் பட்டன்களைப் படபடவென்று அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இப்போ வந்து சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொல்றியே அண்ணா, காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

பாடகனான அண்ணன் அவள் உதடுகளையே பார்த்தான். "தொண்டை இன்னும் சரியாகலை குட்டி. நீ தலையாட்டு, நான் ஆரம்பிச்சிடறேன்."

கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தபின் அவனுக்கு இது முதல் மேடை. சொதப்பினால் இனி ஒருவனும் கூப்பிடமாட்டான்.

மொத்தக் கீபோர்டையும் இறக்கினால் மற்ற பாட்டுகள் கெட்டுவிடும். இந்தப் பாட்டுக்கான சவுண்டை மட்டும் இறக்கவேண்டும். அதிலோ பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று மூன்று அடுக்கு; ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்கியாகவேண்டும். பியானோ முடிந்தது. வயலினும் முடிந்தது.

திரை விலகிவிட்டது!

அரங்கம் முழுக்கத் தலைகள். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டித் தாளம் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவள் வாசித்தாள். இறங்காத புல்லாங்குழல் மற்ற இரண்டோடும் மோதி, தகரத்தை ஆணியால் கீறியதுபோல் அலறியது. முன்வரிசை முகம் சுளித்தது. "அய்யோ, என்னம்மா இது!" என்று டிரம்ஸ்காரர் பதறினார்.

செத்தோம் என்று அண்ணனைப் பார்த்தாள். சின்னப் பிசிறு தட்டினாலே மேடையில் வைத்து முறைக்கிறவன் அவன்.

அவன் புன்னகையோடு கட்டைவிரலை உயர்த்தினான்.

"பிரமாதம் குட்டி" என்றான். பிறகு அவள் தலையாட்டுவதற்காகக் காத்து நின்றான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காய்ச்சல் அண்ணனின் காதுகளைக் கொண்டுபோயிருந்தது.