கருத்தப்பாண்டி மோட்டார் போடப் போன நேரம்

தேவிபிரியாவுக்குச் சந்தேகமே இல்லை. கொழுந்தன் காளீஸ்வரனை அறையைவிட்டு வெளியே கொண்டுவர ஒரு ஜாம்பி ஆட்டம் போதும்.

திருப்பூரில் வேலை போய்ப் பாளையம்பட்டி வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து அவன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டுகூட அறைக்குள்தான் போகிறது. மாமியார் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கணவர் வெங்கடரமணன் திட்டிப் பார்த்தார். தேவிபிரியாவோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியைப் போட்டுவிட்டு, நாலு பேர் ஆடும் வீடியோ ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று மட்டும் சொன்னாள். உதவி என்று கேட்டால் மறுக்கத் தெரியாத பிள்ளை. வந்து உட்கார்ந்தான்.

அவள் ஆடாத சண்டை விளையாட்டு இல்லை. ஆனால் செத்தவர்கள் எழுந்து துரத்தும் இந்த ஆட்டத்தின் மேல்தான் தனிப் பிரியம். இதில் ஒரு பட்டன் உண்டு. கூட்டாளி விழுந்துவிட்டால் பக்கத்தில் போய் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும், அவர் எழுந்துவிடுவார். அழுத்துகிறவரால் அந்த நேரத்தில் சுட முடியாது. தன் உயிருக்குக் காவல் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் சாமி பக்கத்தில் நிற்பதாகவே அவள் நம்பினாள்.

மற்ற இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் சேர்ந்துகொண்டார்கள். கூடப் படித்த ரேணுகாதேவி திருச்சுழியில். ரேணுகாவின் அண்ணன் கருத்தப்பாண்டி எம்.ரெட்டியபட்டியில். வெள்ளிக்கிழமைகளில் தேவிபிரியா விளக்கேற்ற எழுந்து போனால், திரையில் நிற்கும் அவள் பொம்மைக்கு அண்ணனும் தங்கையும் காவல் நிற்பார்கள்.

காளீஸ்வரன் தனியாகவே முன்னால் ஓடினான். கடைசிக் கட்டத்தில் ஆற்றங்கரை வந்தது. தப்பிக்கப் படகு தயாராக நின்றது. அப்போதுதான் தேவிபிரியாவின் ஹெட்செட்டில் கருத்தப்பாண்டி பேசினார்.

"தாயி, த்ரீ பேஸ் கரண்டு வந்துருச்சு. பருத்திக்கு மோட்டாரப் போட்டுட்டு ஓடி வாரேன்."

அவருடைய பொம்மை அசையாமல் நின்றது. ஹெட்செட் இல்லாத காளீஸ்வரன், அவர் ஆட்டத்தைவிட்டே போய்விட்டார் என்று நினைத்து, அந்தப் பொம்மையின் பையிலிருந்த மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"அவுக போகல. மோட்டார் போடப் போயிருக்காக" என்றாள் தேவிபிரியா.

"அதுவரைக்கும் படகு நிக்குமா, வதினா?" என்று அண்ணியை வீட்டுத் தெலுங்கில் அழைத்துக் கேட்டான்.

"நிக்காது. நாம நிப்போம்."

அவளும் ரேணுகாவும் அந்தப் பொம்மைக்கு இருபுறமும் நின்று சுட்டார்கள். படகுப் பக்கம் போன காளீஸ்வரன் திரும்பிப் பார்த்தான். வேலை போனவர் என்ன ஆவார் என்று எண்ணாமல் அன்றைக்கே கதவைச் சாத்திய திருப்பூர்க் கம்பெனியிலிருந்து வந்தவன் அவன். பிறகு திரும்பி வந்தான்.

கருத்தப்பாண்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, காவலையும் மீறிக் கடி வாங்கியிருந்த அவர் பொம்மை சாகக் கிடந்தது. மருந்தைத் தேடியவர், எலி கிலி இழுத்துட்டுப் போயிருச்சா என்று கேட்டார். தேவிபிரியா கொழுந்தனைக் காட்டிக்கொடுக்காமல் சுட்டுக்கொண்டே இருந்தாள். காளீஸ்வரன் தன் பொம்மையை நடத்திப் போய், அந்த மருந்தை அவருக்கே போட்டான். அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஜாம்பி ஒன்று பாய, அவன் பொம்மை விழுந்தது.

படகில் ஒரு கால் வைத்திருந்த ரேணுகா இறங்கி ஓடி வந்தாள். அவனைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது படகு நடு ஆற்றில் இருந்தது. ஆட்டத்தில் தோற்றார்கள்.

காளீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்குக் காத்திருந்தான். ஹெட்செட்டுக்குள் அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கும் லேசாகக் கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டினான். தேவிபிரியா ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

"அண்ணே, மருந்த நாந்தான் எடுத்தேன்" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, முகம் மலர்ந்தது. பிறகு கேட்டான்:

"நாளைக்கு உங்க ஊருல த்ரீ பேஸ் எப்பண்ணே வரும்? அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவோம்."

தட்டோடு அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்த மாமியார் நின்றார். திரும்பி வந்து, அதை டிவிக்கு முன்னால் வைத்தார்.