மூன்று கண்டன்சர்

பொம்மைக் கட்டடத்தின் லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டியதும் நடுவில் நின்று உதறியது. அம்சவேணி ரிமோட்டின் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். அப்போதும் அது அடங்கவில்லை.

"இன்னாம்மா, உன் லிஃப்டுக்கு ஜன்னியா?" என்றார் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் லோகநாதன்.

அது 1984. ஆம்பூர் ஷூ கம்பெனியின் புதிய மாடிக் கட்டடத்தை, ஓடும் லிஃப்டோடு மாடலாகச் செய்து மெட்ராஸ் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார் முதலாளி மக்பூல் அகமது. சிங்கப்பூரிலிருந்து வந்த ரிமோட் பொம்மைக் காரைப் பிரித்து, மாடலைச் செய்யும் பொறுப்பை ஏற்றது அம்சவேணி. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு இரண்டு வருடமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் அவள். மாடல் ஒழுங்காக ஓடினால் மெயின்டனன்ஸ் பிரிவு. இல்லையென்றால் பழையபடி தையல். முதலாளி மூன்று மணிக்குப் பார்க்க வருகிறார்.

இந்த ஊரில் எது அதிர்ந்தாலும் கை முதலில் தோலைத்தான் தேடும். ஆடும் மெஷின் காலுக்கும் தோல், அடித்துக்கொள்ளும் கதவுக்கும் தோல். அம்சவேணியும் மோட்டாரைச் சுற்றி ஆட்டுத்தோலை இரண்டு மடிப்பாகக் கட்டினாள். சத்தம் அடங்கியது. உதறல் அடங்கவில்லை. போதாததற்கு மோட்டார் கொதித்தது.

டீ வேளையில் தையல் கூடத்து ரேடியோவில் பாட்டு ஓடியது. லிஃப்டை மறுபடி ஓட்டினாள். பாட்டு கரகரவென்று கிழிந்தது.

"ஏம்மா, நிறுத்து! பாட்டைத் தின்னுது அது!" என்று கத்தினார் லோகநாதன்.

அவள் நிறுத்தினாள். பாட்டு தெளிந்தது. ஓட்டினாள். கிழிந்தது.

"அண்ணே, நான் தப்பான சத்தத்தை அடக்கிட்டிருக்கேன்!"

மோட்டாருக்குள் உரசும் கார்பன் துண்டுகளில் பொறி தெறிக்கிறது. அந்தப் பொறியின் ரேடியோ இரைச்சல் காற்றிலேயே பரவி ரிமோட்டின் கட்டளையோடு கலந்துவிடுகிறது. தோல் அதை எப்படித் தடுக்கும்? தோலை அவிழ்த்து எறிந்தாள். செத்துப்போன ஒரு ரேடியோவிலிருந்து, அந்த இரைச்சலை விழுங்கக்கூடிய மூன்று குட்டிக் கண்டன்சர்களைக் கழற்றினாள். ஒன்று மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே. மற்ற இரண்டும் முனைக்கு ஒன்றாக, மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கு. கூட்டில் பற்றவைத்த ஈயம் ஒட்டவில்லை. தோல் சீவும் கத்தியால் பளபளக்கச் சுரண்டிய பிறகு ஒட்டியது. மோட்டார் ஒயர்கள் இரண்டையும் பின்னல் போல முறுக்கி, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரின் ஏரியலை எட்டத் தள்ளி வைத்தாள்.

மூன்று மணிக்கு முதலாளி தன் கையாலேயே அழுத்தினார். லிஃப்ட் இரண்டாம் மாடிக்குப் போய் நின்றது. இறங்கியது. பத்து தடவை, பிசகில்லாமல்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேம்மா?"

"அது நம்ம காதுக்கு மட்டும் கேக்குற சத்தம் முதலாளி. லிஃப்டுக்குக் கேக்காது."

அவர் சிரித்துவிட்டார். "லோகநாதா, திங்கக்கிழமையிலேர்ந்து இந்தப் பொண்ணு உன் ஆளு."

"வரட்டும் முதலாளி. ஆனா இவ சைஸுக்குக் காக்கிச் சட்டை ஸ்டோர்ல இல்லியே!"

"துணி குடுங்கண்ணே," என்றாள் அம்சவேணி. "மெஷினை விட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள நானே தெச்சுக்கறேன்."