மாமியார் தைத்த கையுறை

1

இந்தக் கதை என் உள்ளங்கையில் ஆரம்பித்தது. வீடு மாறியபோது பீரோவைக் கயிறு கட்டி மாடி ஜன்னல் வழியாக இறக்கினோம். "விட்டுராதே, விட்டுராதே" என்று கீழேயிருந்து எல்லோரும் கத்த, நானும் ரோஷத்தில் விடாமல் பிடித்தேன். கயிறுதான் நிற்காமல் ஓடியது. பீரோ பத்திரமாக இறங்கியது, என் கைத்தோல் கயிற்றோடு போனது. கட்டுப் பிரிக்கும்வரை மனைவிதான் ஊட்டிவிட்டாள். (கட்டுப் பிரித்த பிறகும் ஊட்டச் சொன்னேன் என்பாள். நம்பாதீர்கள்.)

அப்படி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துச் சறுக்கி இறங்குகிறார்களே ராணுவக்காரர்கள், அவர்கள் கை என்ன ஆகும்? இடுப்பில் பெல்ட் கிடையாது, கொக்கி கிடையாது. கையும் காலும்தான் பிரேக். கைக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு கையுறை. அதை யாரோ மேஜையில் உட்கார்ந்து வரைந்து, வெட்டி, தைத்திருக்க வேண்டுமே!

2

முதல் ஆரம்பம்: "வானம் அதிர்ந்தது. கயிறு பாம்பைப் போல—"

வேண்டாம். கயிறு என்றாலே இந்தக் கை பாம்பைக் கூப்பிட்டுவிடுகிறது.

இரண்டாவது: "அவள் இளம் வடிவமைப்பாளர். கண்களில் ஆயிரம் கனவு—"

கனவாவது கத்திரிக்காயாவது! கனவு கண்டுகொண்டே தோலை வெட்டினால் விரல்தான் போகும்.

மூன்றாவதாக வந்து உட்கார்ந்தவர் மாமியார். கையுறைத் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவின் தலைவி. பேருந்தில் கம்பியைப் பிடித்திருப்பவர்களின் கைகளை அளவெடுப்பதுபோலப் பார்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். இவருடைய மாப்பிள்ளைக்கு ராணுவத்தில் கயிற்றில் இறங்கப் பயிற்சி கொடுக்கிற வேலை. புதுக் கையுறை எது வந்தாலும் அவர்தான் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

(சொந்த மாப்பிள்ளையிடமா சோதனைக்குக் கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். கொடுக்கக் கூடாதுதான். அதனால்தான் இது கதையாச்சு.)

3

கனமாகத் தைத்தால் சூடு தாங்கும். ஆனால் தரையில் இறங்கியதும் விரல் மடங்காது, ஒரு கொக்கியைக்கூடக் கழற்ற முடியாது. மெல்லிசாகத் தைத்தால் விரல் சொன்னபடி கேட்கும், உள்ளங்கை வெந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாமியார் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் கையுறையைத் துணியில் சுற்றிப் பதவிசாகக் கொண்டுவந்து தருவார். உள்ளங்கையில் லேசான தேய்மானம், கருகல் பேச்சுக்கே இடமில்லை.

"எப்படி இருந்துது மாப்பிள்ளை?"

"அருமை அத்தை. சூடே தெரியல."

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. சூடே தெரியாதபோது உள்ளே இத்தனை லைனிங் எதற்கு? ஓர் அடுக்கை எடுத்தார். அதற்கும் அருமை. இன்னொன்றையும் எடுத்தார். அதற்கும் அருமை. கடைசியில் மெல்லிய கையுறையே தேர்வாகி, படைப்பிரிவு முழுவதற்கும் தைக்க ஆரம்பித்தாகிவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் பூட்ஸ். இரண்டிலும் கயிற்றை இடுக்கும் உள்பக்கம் கருகி, வழித்தெடுத்த மாதிரி கிடந்தது.

"அதை ஏம்மா கேக்கற," என்றாள் மகள். "எத்தனை வாங்கினாலும் தாங்க மாட்டேங்குது. இவரோட இறங்கறவங்க பூட்ஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

மாமியார் ஒரு பூட்ஸைக் கையிலெடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"மாப்பிள்ளை! கையை விட்டுட்டு முழுக்கக் காலாலயே பிரேக் போட்டீங்களா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "நீங்க உங்க கையால தெச்சது அத்தை. அதைப் போய்க் கருக்க மனசு வரல."

"கருக்கறதுக்குத்தானே தெச்சேன்!"

4

இங்கே பேனாவை மூடிவிட்டேன். மாமியார் மூடவில்லை. போன் போட்டுத் தையலை நிறுத்தச் சொன்னார். மெல்லிய கையுறை தாங்குமா தாங்காதா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். யாராவது கையை மட்டும் நம்பி இறங்கினால்தான் தெரியும்.

"வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன்," என்றார் மாமியார்.

"என்னாலதானே வந்துது? அதுக்கு இன்னொருத்தன் கை வேகணுமா? நான்தான் இறங்குவேன்."

"நல்லாருக்கு உங்க நியாயம்," என்றாள் மகள். "நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மரியாதை பண்ணி, கடைசியில என் புருஷன் கையைப் பொரிச்சு எடுக்கப் போறீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நான் எழுதிப் பார்த்தவை:

"அன்று பார்த்து மழை கொட்டியதால் சோதனை—"

"மேலதிகாரி ஓடிவந்து, வேண்டாம் என்று—"

எல்லாவற்றையும் அடித்தேன். எல்லாம் அவர் கை சுடாமலிருக்க நான் செய்த தில்லுமுல்லு. எனக்கும் அந்த நல்ல மனுஷனைக் கருக்க மனசு வரவில்லை. இத்தனை பக்கமாக நானும் காலால்தான் பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

5

பயிற்சிக் கோபுரம். நல்ல வெயில். கீழே மாமியார், மகள், ஒரு வாளித் தண்ணீர். பாதி உயரத்திலிருந்து இறங்கினால் போதும், ஆனால் கால் கயிற்றில் படக் கூடாது. மாமியாரின் கண்டிஷன் அது.

மேலே கயிற்றருகே மாப்பிள்ளை தயங்கி நின்றார். கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாமியார் வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்: "டேய்! எரிச்சுட்டு வாடா!"

கல்யாணமானதிலிருந்து வாங்க, போங்க என்பதைத் தவிர வேறு பேசாதவர். மகள் வாயைப் பிளந்தாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தார்.

இறங்கிவிட்டார். கடைசிவரை கால் இரண்டும் கோமாளி மாதிரி அகலமாக விரிந்தே இருந்தன. தோல் கருகும் வாசனை மகளுக்குத்தான் முதலில் அடித்தது. மாப்பிள்ளை கையை மூடியபடியே மாமியாரிடம் நடந்துவந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கழட்டு. கையைக் காட்டு," என்றார் மாமியார்.

மாப்பிள்ளை கழற்றிவிட்டார். உள்ளங்கையை நீட்டியும் விட்டார். அந்த நொடியில் மாமியார் கண்ணை மூடிக்கொண்டார், நானும் திரும்பிக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

நீங்கள்தான் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் சிவந்திருக்கிறது என்றும், கொப்பளித்திருந்தால் கொப்பளித்திருக்கிறது என்றும் அந்த அம்மாளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மனசு நோகுமே என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பேச்சை நம்பித்தான் மற்றவர்களுக்கும் தைக்கப் போகிறார்.