பித்தளைப் பானையும் சந்தன நிறமும்

செடெனாக்கில் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் மூலை வீடு கிடைத்ததிலிருந்து கஸ்தூரியின் கால் தரையில் பாவவில்லை. கணவன் காளிதாஸ் விடியுமுன்னே எல்லைப் பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைத்ததெல்லாம் இப்போது வெள்ளைக் கல் மேடையாகவும் கறுப்புக் கண்ணாடி மின்னடுப்பாகவும் பளபளத்தது. புதுமனை புகுவிழாவுக்கு எல்லாரும் சந்தன நிறத்தில்தான் உடுத்தி வர வேண்டும் என்று கைப்பேசியில் அழைப்பு அனுப்பினாள். படம் அழகாக விழ வேண்டுமல்லவா?

அழைப்பு போகாத வீடு ஒன்று உண்டு. அது பக்கத்து வீடு. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அங்கம்மா, மேடையும் அலமாரியும் கட்டிய மாதங்கள் முழுக்க வேலையாட்களுக்குக் கதவு திறந்துவிட்டாள், தேநீர் கொடுத்தாள், மழை வந்தால் சிமெண்ட் மூட்டைகளைத் தன் கூரைக்குள் இழுத்துப் போட்டாள். ஆனால் வேலியில் கருவாடு காயப்போடுகிறவள். இவள் படத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று கஸ்தூரி ஒரு நிமிடம் யோசித்தாள், பெயரை விட்டுவிட்டாள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்று இதைத்தான் சொல்வார்கள்.

விழாவன்று காலை சந்தன நிறக் கூட்டம் சமையலறையை நிறைத்தது. படக்காரர் தயாராக நின்றார். மஞ்சள் கொத்து கட்டிய பித்தளைப் பானையில் பாலை ஊற்றி, அடுப்பில் வைத்து, கஸ்தூரி பொத்தானைத் தொட்டாள். அடுப்பு ‘பீப்’ என்றது. மறுபடி தொட்டாள். மறுபடியும் ‘பீப்’. பால் அசையவே இல்லை.

காளிதாஸ் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். “இந்த அடுப்புல பித்தளை சூடாகாதாம்லா.”

“வேற சட்டி எடுங்க!”

“எங்க இருந்து? பழைய சாமான் ஒன்னுகூட உள்ள வரக்கூடாதுன்னு நீதானே சொன்ன? எல்லாம் வாடகை வீட்டுல கிடக்கு.”

“நல்ல நேரம் முடியப்போகுதும்மா,” என்றார் குருக்கள்.

பால் பொங்காமல் குடிபுகுந்த வீடு என்று ஊர் பேசுமே! பக்கத்து வீட்டில் கேஸ் அடுப்பு இருக்குமே என்று யாரோ சொன்னார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கஸ்தூரி போய்க் கதவைத் தட்டினாள்.

அங்கம்மா கதவைத் திறந்தாள். மிளகாய்ப்பழச் சிவப்பில் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை.

“அக்கா, பால் பொங்க மாட்டேங்குது. உங்க அடுப்பு...” என்று இழுத்தாள் கஸ்தூரி.

“அட, அலமாக்! இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க? தம்பியக் கூப்பிடு, கேஸ் தோம்பு தூக்கணும்.”

காளிதாஸ் கேஸ் தோம்பைத் தூக்கிவர, அங்கம்மா எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். சந்தன நிறப் புடவைகள் அலறியடித்து ஒதுங்கின. வெள்ளைக் கல்மேல் அந்த அடுப்பு உட்கார்ந்தது. சற்று நேரத்தில் பால் நுரைத்து எழுந்து, பானையைத் தாண்டி, மேடையெல்லாம் வழிந்தது. கஸ்தூரி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

“அந்தச் சிவப்புப் புடவை அக்கா கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார் படக்காரர்.

அங்கம்மா நகர்ந்தாள். கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. அங்கம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். தன்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

“உங்களைக் கூப்பிட மறக்கல அக்கா,” என்றாள் மெதுவாக. “வேணும்னேதான் விட்டேன்.”

“தெரியும்டி. நீ கூப்பிடலன்னா என்ன? நானே வந்து வயிறாரச் சாப்பிட்டுட்டு, நல்லா நாலு வார்த்தை திட்டிட்டுப் போறதுன்னுதான் காலையிலேயே புடவை கட்டிட்டேன்.”

கஸ்தூரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அப்ப இப்பவே திட்டிருங்க அக்கா.”

“மொதல்ல சோத்தைப் போடு,” என்றாள் அங்கம்மா. “வெறும் வயித்தோட திட்டினா பலிச்சிரும்.”