இயந்திரம் தொடாத குரல்

ஹெட்போனைக் காதில் மாட்டிய பிறகுதான் பாடகர் சுத்தசுருதிக்குத் தாம் எதில் மாட்டிக்கொண்டோம் என்பது புரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இளம் இசையமைப்பாளன் பொத்தானை அழுத்திப் பேசினான்.

"அண்ணா, உங்க பேட்டி பார்த்தேன். 'என் குரல இயந்திரம் தொட்டதே இல்ல'ன்னீங்களே, புல்லரிச்சுப் போச்சு. அதனால சுருதி திருத்துற சாஃப்ட்வேர இன்னிக்கு மூட்ட கட்டி வெச்சாச்சு. நீங்க பாடறது பாடினபடியே போகும்."

"பின்ன வேற எப்படி?" என்றார் சுத்தசுருதி. வாய் மட்டும் சிரித்தது.

சுத்தசுருதி என்ற பட்டப்பெயரை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. "என்னை அப்படித்தான் சொல்றாங்க" என்று மேடைக்கு மேடை அவரே சொல்லிச் சொல்லி நிலைநாட்டியது. மேல்ஸ்தாயியில் தொண்டை தடுக்கி விழ ஆரம்பித்துப் பல காலமாயிற்று. பழைய சவுண்ட் இன்ஜினியர் விவரமானவர். பதிவு முடிந்ததும், "சார், ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க" என்பார். குடித்துவிட்டு வந்தால், விழுந்த ஸ்வரமெல்லாம் எழுந்து நிமிர்ந்து நிற்கும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் காப்பியின் மகிமை என்று சுத்தசுருதியே பாதி நம்பிவிட்டார்.

இப்போது அந்த நாற்காலியில் ஒரு பெண். சொன்னதைச் சொன்னபடி செய்பவள், அதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, இதே பாட்டை மாதிரிக்குப் பாடிக் கொடுத்திருந்த ஒரு பையனின் குரல். இவர் பாடுவது தேறாவிட்டால் அதுவே தங்கிவிடும். நெடுநாள் கழித்து வந்த அழைப்பு. இதுவும் கைநழுவினால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. மனைவிக்கும் அது தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து சோபாவில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மைக்கின் உயரம் சரியில்லை என்றார். அந்தப் பெண் வந்து சரிசெய்தாள். ஏசிக் காற்று தொண்டையைத் தாக்குகிறது என்றார். நிறுத்தினாள். மைக்குக்கு முன்னாலிருந்த வட்ட வலை மூச்சை முட்டுகிறது என்றார். கழற்றினாள். "வேற ஏதாவது, சார்?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள். குறை சொல்ல அறையில் வேறு பொருள் இல்லை.

மனைவி பொத்தானை அழுத்தச் சொல்லிப் பேசினாள். "ஏங்க, போதும், பாடுங்க. பாத்ரூம்ல நல்லாத்தானே வந்துச்சு?"

அங்கே சுவர்கள் எதிரொலித்துக் கைகொடுக்கும்.

பாடினார். பல்லவி எண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. சரணத்தின் உச்சியில், ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்தார். படி அங்கே இல்லை. சறுக்கிய குரலை, வேண்டுமென்றே போட்ட கமகம்போல ஒரு குலுக்குக் குலுக்கிச் சமாளித்தார். இசை ஓடி முடிந்தது. ஹெட்போனில் பஞ்சடைத்த அமைதி.

கண்ணாடிக்கு அப்பால் வாய்கள் அசைந்தன. பொத்தானை யாரும் அழுத்தவில்லை. இசையமைப்பாளனின் உதடுகளையே சுத்தசுருதி உற்றுப் பார்த்தார். ஒருமுறை ஒட்டிப் பிரிந்தன. 'அருமை' என்றாலும் உதடு ஒட்டும். 'அந்தப் பையன்' என்றாலும் ஒட்டும். மனைவி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், இவரைப் பார்க்கவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆளில்லாத வீட்டில் முனகுகிறவர்போல, அந்தப் பெண்ணை நினைத்து முனகினார்: "அம்மா தாயே, ஊருக்கு ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் நம்பிடறதா? அந்த மெஷினக் கொஞ்சம் போட்டுத் தொலைச்சாத்தான் என்ன? காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிரலாமே!"

கண்ணைத் திறந்தபோது அந்தப் பக்கம் ஒரு வாயும் அசையவில்லை.

அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்கத்தான் பொத்தான் வேண்டும். இவர் பேசுவது அவர்களுக்குக் கேட்க எதுவும் வேண்டாம். மைக் எப்போதும் விழித்தே இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் படித்த பாடம்.

மனைவி கைப்பைமேல் கவிழ்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின, சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. அந்தப் பெண்ணின் விரல் மெல்ல நகர்ந்து, பொத்தானைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சுத்தசுருதி ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.