அசையாத படம்

எங்கள் வீட்டுக்காரருக்கு உயரமும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பெயின்டர். சாரத்தில் ஒற்றைக்கால் வைத்து நின்று மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டே கீழே போகிறவனோடு வம்பளப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் போன மழைக்காலத்திலிருந்து தலைசுற்றல். காதுக்குள்ளே ஏதோ கோளாறாம். “ஏணி, சாரம், மொட்டைமாடி எதுவும் கூடாது. எப்போ சுத்தும்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். எங்கள் வீட்டுக்காரர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது நான்தான்.

அன்றிலிருந்து அவர் டிவி முன்னால், நான் தையல் மிஷின் முன்னால். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். டிவி ஓடுகிற வரை மனுஷன் உட்கார்ந்த இடத்தில் இருப்பார். கரண்டு போனால் போச்சு. கை பரபரக்கும், கூரையில் ஒட்டடை அடிக்கிறேன் என்று ஸ்டூலைத் தேடுவார். அதனால் அந்தப் பெட்டி ஓடுவதை மாத்திரைக்குச் சமமாகத்தான் நான் நினைத்து வந்தேன்.

பழைய ஒளிபரப்பை நிறுத்தப் போகிறோம், டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று திரையின் அடியில் மாதக்கணக்காக எழுத்து ஓடியது. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் நானே போய் பாக்ஸ் வாங்கி வந்தேன். கடைப்பையன் வந்து மாட்டினான். டவர் வேறு திசையாம், ஆண்டெனாவைத் திருப்ப வேண்டுமாம். கூரையை அண்ணாந்து பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். “இந்தப் பழைய சிமென்ட் ஷீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்க்கா. அடுத்த வாரம் பலகையோட ஆளை அனுப்புறேன்.”

பழைய ஒளிபரப்பு அதற்கு மறுநாள் நண்பகலில் நின்றது. பாதிப் பாட்டில் படம் போய், திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக ஒரே இரைச்சல். அவர் எழுந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“பாத்ரூமுக்கும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணுமா?”

நான் சட்டைக் கையை மூட்டிக்கொண்டிருந்தேன். நூல் அறுப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் ஏணி கிறீச்சிட்டது. எனக்கு உயிரே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷன் கூரைமேல் நிற்கிறார், பின்கோடியில், ஆண்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு.

“ஐயோ, இறங்குங்க! டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டருக்கு ஆண்டெனா திருப்பத் தெரியுமா? போல்ட் வரிசையில மட்டும்தான் கால் வைக்கிறேன், அடியில இரும்புச் சட்டம் இருக்கு. நீ கத்தினாத்தான் எனக்குத் தலை சுத்தும். உள்ள போய்ப் படத்தைப் பார்த்துச் சொல்லு. சீக்கிரம் சொன்னா சீக்கிரம் இறங்குறேன்.”

இதற்கு மேல் அங்கே நின்று அழுதால் அவர் கீழே பார்ப்பார். கீழே பார்த்தால் சுற்றும். உள்ளே ஓடிப் பாக்ஸைப் போட்டேன்.

இது எங்களுக்குப் பழக்கமான வேலைதான். காற்றடித்து ஆண்டெனா திரும்பும்போதெல்லாம் அவர் மேலே, நான் கூடத்தில். பழைய டிவி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடும். முதலில் நிழல், அப்புறம் முகம், அப்புறம் மூக்கு முழி. அவர் குழாயிலிருந்து கையை எடுத்தால்கூடப் படம் ஒரு குலுங்கு குலுங்கும், இறங்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தப் பாக்ஸ் அப்படியில்லை. கறுப்பாகக் கிடந்தது. ஒரு மூலையில் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“வந்துச்சா?”

“இல்ல!”

“இப்போ?”

“இல்ல! போதும், இறங்குங்க!”

சொல்லி வாயை மூடுவதற்குள் பளிச்சென்று படம் வந்தது. “வந்துருச்சு!” என்று கத்தினேன். அதற்குள் அவர் அடுத்த பக்கம் திருப்பிவிட்டார். போய்விட்டது. அவர் திருப்பி நாலு மூச்சு விட்ட பிறகுதான் பாக்ஸுக்குப் புத்தி வருகிறது என்று புரிய எனக்கு நேரமாயிற்று. அதுவரை மேலே அவர் குழாயோடு மல்லுக்கட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மறுபடி படம் வந்தது. செய்தி வாசிக்கிற பெண். இத்தனை வருஷத்தில் அவள் காதுத் தோட்டில் கல் இருப்பதே எனக்குத் தெரியாது. அப்படி ஒரு தெளிவு. சட்டென்று பெட்டிக்குள் என்னவோ டிக் டிக்கென்று வெட்டியது, மேலே ஏதோ படாரென்றது, சத்தம் நின்றுபோனது. படம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் குழாயைத் தட்டுகிறார், சத்தம் போனது பாக்ஸ் படுத்துகிற பாடு என்றுதான் நினைத்தேன்.

“படம் நின்னுருச்சுங்க! நல்லாத் தெரியுது! அப்படியே இருங்க, அசையாதீங்க!”

பதில் இல்லை. கேட்டிருக்காது என்று இன்னும் உரக்கக் கத்தினேன். “அசையாதீங்க! கொஞ்சம்கூட அசையாதீங்க!”

போல்ட்டை முறுக்குகிறார் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையையே பார்த்தேன். அந்தப் பெண் சிரித்த முகமாக வாயைத் திறந்திருந்தாள். திறந்த வாய் மூடவில்லை. கண் இமைக்கவில்லை. அடியில் ஓடிய எழுத்து பாதி வார்த்தையில் நின்றிருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது படம் நின்றது இல்லை. படம் செத்துப்போனது. மேலே ஆண்டெனாவில் அவர் கை இல்லை.

“என்னங்க!” என்று அலறிக்கொண்டு பின்கட்டு அறைக்குள் ஓடினேன், அந்த வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும். அறை முழுக்க சிமென்ட் தூசி. தூசிக்கு நடுவே கூரையிலிருந்து ஒரு கால் தொங்கியது. தொடைவரை. செருப்பு இல்லாமல், ரத்தம் வழிய, ஆணி அடித்து மாட்டியது மாதிரி ஆடாமல் தொங்கியது. நான் கடவுளைக் கூப்பிட்டேனா அவரைக் கூப்பிட்டேனா, தெரியாது. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். என் தைரியம் அவ்வளவுதான்.

அப்போது கூரைக்கு மேலிருந்து குரல் வந்தது. காற்றுப் போல, மூச்சை அடக்கிக்கொண்டு.

“இப்போ அசையலாமா?”

“வேண்டாம்! வேண்டாம்ங்க!”

துணி வெட்டுகிற மேஜையை எப்படி இழுத்தேனோ. ஏறி நின்று அந்தப் பாதத்தை என் தோளில் தாங்கிக்கொண்டேன். பாதம் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. அப்படி நின்றபடியே ஜன்னல் வழியாக பக்கத்து வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒர்க்‌ஷாப் பலகைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். போல்ட் வரிசைமேல் பலகை போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு நகர்ந்தான். தோளில் இருந்த பாரம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் பாதம் என் காதை உரசிக்கொண்டு மேலே போனது. அப்போதுதான் நான் அழுதேன்.

அவரை ஏணி வழியாக இறக்கிவிட்டதும் நெட்டை என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான். “அக்கா, சுத்தி நாலு பக்கமும் ஷீட் விரிசல் விட்டிருக்கு. அண்ணன் பயந்து காலை இழுத்திருந்தா மொத்தமா உள்ள வந்திருப்பாரு. தலைதான் முதல்ல தரையைத் தொட்டிருக்கும். எப்படித்தான் பதறாம இருந்தாரோ.”

கூடத்தில் அவரை உட்காரவைத்துக் காலைக் கழுவினேன். தொடை முழுக்கச் சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றுமில்லை. திட்டுவதற்கு ஒரு வண்டி வார்த்தை வைத்திருந்தேன், அதை விட்டுவிட்டு மருந்தை எடுத்துத் தடவினேன்.

“போல்ட் வரிசையை விட்டு ஒரு கால் தப்பிருச்சு. உடைஞ்சதும் கண்ணு இருட்டிருச்சு” என்றார். “எது மேல, எது கீழன்னே தெரியல. காலை உதறி எழுந்துடலாம்னு ஒரு வேகம் வந்துச்சு பாரு. அப்பத்தான் நீ கத்தினே, அசையாதீங்கன்னு. சரி, என் காலை அவ கீழேருந்து பார்த்துட்டா, பார்த்துட்டுத்தான் சொல்றான்னு அப்படியே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”

இத்தனை வருஷத்தில் என் பேச்சை இந்த மனுஷன் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவர் முதுகுக்குப் பின்னால் டிவி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பாக்ஸ் ‘சிக்னல் இல்லை’ என்றுகூடச் சொல்லாமல் அப்படியே உறைந்துபோயிருந்தது. அந்தப் பெண் அதே சிரிப்போடு, அதே திறந்த வாயோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எட்டி சுவிட்சை அணைத்தேன்.

“பார்த்துட்டுத்தானே சொன்னே?” என்று மறுபடி கேட்டார்.

“ஆமா” என்றேன்.